கதவு மூடாத ஹெரால்டு: வீட்டுப் பட்டறையில் 31 மாதங்கள்

2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பழைய ஹெரால்டு காரின் பாடி பெயிண்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் அதை ஏற்றி, எல்லா இடத்திலும் புது ரப்பர் வைத்து, போல்ட்டுகளை முறுக்கி, இடது கதவை மாட்டினேன். கதவு முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. அதன் மேல் மூலை பின்தூணில் இடித்தது. கீழே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வலது கதவு மூடியது, ஆனால் அழுத்தித் தள்ளினால்தான் பூட்டு விழுந்தது. இரண்டாம் முறை தள்ளியபோது ஓரத்தில் புது பெயிண்ட் ஒரு நகக்கண் அளவு பெயர்ந்து வந்தது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களும், பழைய கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்க நினைப்பவர்களும் இதைப் படித்தால் இந்த இடத்தில் என்னைப் போல் நிற்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வண்டி

தஞ்சாவூரில் டாக்டராக இருந்த என் பெரியப்பாவின் வண்டி. 1966-ல் பதிவானது; இரண்டு கதவு, 948 சி.சி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1991-ல் கிளட்ச் போய் ஷெட்டில் நின்றது, அப்புறம் எடுக்கவே இல்லை. 2021 ஏப்ரலில் லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தேன்.

இது நம் ஊர் வண்டி. 1948-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தன் வண்டலூர் ஆலையில் ஹெரால்டைச் செய்தது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய சாலையில் மூன்றாவது தேர்வாக இருந்தது இதுதான். மூலம் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959-ல் வந்தது, உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிகெலோட்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தஞ்சாவூர் கீழவீதியில் பெரியப்பா ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவார். பானெட் என்றால் மூடி மட்டும் இல்லை. இரண்டு மட்கார்டும் சேர்ந்து வண்டியின் முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். அவர் ஆயில் பார்க்க அதைத் திறந்தால் தெருப் பையன்கள் கூடிவிடுவோம். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பார்க்கலாம்.

எனக்கு நேர்ந்த சிக்கலுக்குக் காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1950-களில் மற்ற கார்கள் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தபோது ஹெரால்டு தனி சேஸிஸோடு வந்தது. ட்ரையம்ஃபைக் கையில் வைத்திருந்த பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்குப் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் வாங்க வழியில்லாமல் போனது. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டுச் சேர்க்கும்படி வண்டியை வடிவமைத்தார்கள். டாஷ்போர்டும் முன் தரையும் சேர்ந்தது முன்பாதி. பின் சீட்டும் டிக்கியும் சேர்ந்தது பின்பாதி. கூரை தனி, கதவுக்குக் கீழே ஓடும் பலகைகூடத் தனி. எல்லாம் ஒரு சேஸிஸ் மேல் வரிசையாக உட்காருகின்றன.

வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம். நான்கு பேர் கை கொடுத்தால் பாடியைத் தூக்கிவிடலாம், கிரேன் தேவையில்லை. ஆனால் கதவின் கீல் இருப்பது முன்பாதியில், பூட்டு விழும் தூண் பின்பாதியில். இரண்டும் சேஸிஸ் மேல் எந்த உயரத்தில் உட்காருகின்றன என்பதுதான் கதவின் வாசலைத் தீர்மானிக்கிறது. இதைப் படத்தில் பார்த்திருந்தேன். கையால் உணர்ந்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

பிரித்தபோது கண்டது

மேலோட்டமாகப் பார்த்தால் வண்டி நன்றாகவே இருந்தது. கார்பெட்டைத் தூக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. கீழே ஒட்டியிருந்த ஃபெல்ட் முப்பது வருட ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது, அதன் அடியில் தகடு பிஸ்கட் போல் பொடிந்தது. டிக்கித் தரையில் ஓட்டை. சேஸிஸின் நடு முதுகெலும்பு நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளில் மூன்று அரித்துப்போயிருந்தன. ஹெரால்டு வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இந்தக் கைகளைத்தான். வெளிப்பலகை துருப்பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அது எதையும் தாங்கவில்லை, கழற்றி வேறு மாட்டலாம்.

வெல்டிங்குக்கு முன் சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மிஷின் எதுவும் வேண்டியதில்லை. சேஸிஸை ஸ்டாண்டில் சமமாக நிறுத்தி, குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்ததில் இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். வெல்டிங் முடிந்து மீண்டும் அளந்தபோதும் அதே 2 மில்லிமீட்டர்தான். அந்த நோட்டுப் புத்தகப் பக்கம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளின் துருவை எடுக்கச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். துருப்பிடித்த பொருளில் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கவிட்ட பழைய இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். ஒரு ராத்திரியில் துரு கறுப்பு மாவாக உதிர்ந்துவிடும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலிருந்து குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் கவனம் தேவை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காற்றடித்து ஊதாமல், தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன்.

பிழை நடந்தது பாடியைத் தூக்கிய அன்று. சேஸிஸ் கைகளுக்கும் பாடிக்கும் நடுவில் பழைய ரப்பரும், சில இடங்களில் அதன் மேல் அலுமினியத் துண்டும் இருந்தன. ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. முன்பு கைவைத்த மெக்கானிக் யாரோ கையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு எல்லா இடத்துக்கும் ஒரே கனத்தில் புது ரப்பர் வாங்கி வைத்தேன். ஒழுங்காகச் செய்கிறோம் என்ற திருப்தி வேறு.

கதவு ஏன் மூடவில்லை

மார்ச் மாதத்துக்கு வருகிறேன். முதலில் கீலைச் சந்தேகப்பட்டேன். கீலின் போல்ட்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்தினால் கதவு முழுவதும் நகர்ந்தது, ஆனால் அதன் சாய்வு மாறவில்லை. மேலே இடிப்பது நின்றால் கீழே பலகையில் உரசியது. கீல் காரணம் இல்லை.

அடுத்து, டிங்கரிங்கின்போது கதவே கோணிவிட்டதா என்ற பயம். நண்பர் ஒருவரிடம் இருந்த இன்னொரு ஹெரால்டு கதவை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தேன். அதுவும் அதே இடத்தில்தான் இடித்தது. சேஸிஸ் முறுக்கிக்கொண்டதா? நோட்டில் இருந்த அளவுகளோடு மீண்டும் நூல் பிடித்தேன், மாற்றமில்லை. இப்படியே இரண்டு வாரம் போனது.

தகடு வேலை செய்து தந்த டிங்கர் அண்ணனைக் கூட்டிவந்தேன். எழுபதைத் தொட்டவர், ஹெரால்டு புதிதாக ஓடிய காலத்தில் வேலை கற்றவர். கதவைத் தொடவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“தம்பி, கதவு நல்லாத்தான் இருக்குதுங்க. வாசல்தான் கோணிக்கிச்சு. பழைய பேக்கிங்கெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?”

“எடைக்குப் போட்டுட்டனுங்கண்ணா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “அது குப்பை இல்லீங்க. அதுதான் செட்டிங்.”

முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக அச்சடித்துப் பற்றவைத்த தகடுகள். இரண்டு வண்டிக்கு அச்சு அசலாக ஒன்றுபோல் வராது. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் கதவு இடைவெளி சரியாக வரும்வரை அடியில் துண்டு வைத்தோ எடுத்தோதான் பொருத்த வேண்டும். ஏறுமாறாகத் தெரிந்த அந்தத் துண்டுகள் இந்த ஒரு வண்டிக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட அளவுகள். நான் எல்லாவற்றையும் சமமாக்கியதில், பின்பாதியின் பின்கோடி தேவையைவிட உயர்ந்து, தூணின் தலை முன்னால் சாய்ந்துவிட்டது. கதவுக்கு மேலே இடம் குறைந்து கீழே கூடியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு தவறும் இருந்தது. பாடியை வெறும் சேஸிஸ் மேல் பொருத்தியிருந்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் இன்னும் மெஷின் ஷாப்பில்தான் இருந்தன. எடை ஏறினால் சேஸிஸ் கொஞ்சம் வளையும். வெறும் சேஸிஸில் சரியாக மூடும் கதவு, இன்ஜின் ஏறிய பிறகு மூடாமல் போகலாம்.

எல்லா வேலையையும் நிறுத்தி இன்ஜின் வரும்வரை காத்திருந்தேன். ஜூலையில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஏறி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு தொடங்கினோம். முதலில் கூரையின் போல்ட்டைத் தளர்த்தினோம். கூரை இறுக்கமாக இருந்தால் இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொள்ளும், அடியில் எதை மாற்றினாலும் மேலே தெரியாது. பிறகு இரண்டு பாதிகளும் சேரும் இடம், அதன் பிறகு சேஸிஸ் போல்ட்டுகள். எதையும் கழற்றவில்லை, தளர்த்தி மட்டும் விட்டோம். முன்பாதியைச் சமமட்டத்தில் நிறுத்தி இறுக்கினோம், அதை இனித் தொடுவதில்லை. கதவை மாட்டி, மூடிய நிலையில் நிறுத்தி, பின்பாதியைக் கதவுக்குத் தகுந்தபடி கொண்டுவந்தோம்.

2011-ல் தஞ்சாவூர் போயிருந்தபோது விளையாட்டாக எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தது. இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடிமானம் அதில் தெரிகிறது, ரப்பர் மட்டும், துண்டு இல்லை. அங்கிருந்து தொடங்கினோம். 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் லாட வடிவத்தில் துண்டுகள் வெட்டி வைத்துக்கொண்டோம். லாட வடிவம் என்றால் போல்ட்டைக் கழற்றாமலே பக்கத்திலிருந்து செருகலாம். பின்கோடியில் 3 மில்லிமீட்டர் குறைத்ததும் கதவின் மேல் மூலை விலகியது. நடுவில் 2 மில்லிமீட்டர் ஏற்றியதும் கீழ் இடைவெளி சுருங்கியது. இடது பக்கம் சரியானதும் வலது பக்கம் கெட்டது, வலதைத் திருத்தியதும் இடது அரை மில்லிமீட்டர் நகர்ந்தது. பதினொரு சாயங்காலங்கள் இப்படிப் போயின. கடைசியில் இரண்டு கதவையும் சுற்றி 4 மில்லிமீட்டருக்கும் 5 மில்லிமீட்டருக்கும் நடுவில் இடைவெளி வந்தது. டிங்கர் அண்ணன் கதவைக் கையால் தள்ளவில்லை, ஒரு விரலால் தொட்டு விட்டார். “டப்” என்று ஒரே சத்தத்தில் பூட்டு விழுந்தது.

ஒவ்வொரு இடத்தின் கனத்தையும் நோட்டில் எழுதி, அதே எண்களை எனாமல் பெயிண்டில் சேஸிஸ் கைகளின் அடியிலும் எழுதியிருக்கிறேன். அடுத்து இந்த வண்டியைப் பிரிப்பவருக்கு அது இருக்கட்டும்.

இத்தனை நகர்த்தலில் பின்பாதியின் ஓரங்களில் பெயிண்ட் போனது. அதை மட்டும் மறுபடி அடிக்க 28,000 ரூபாய் ஆனது. பெயிண்டுக்கு முன்பே இன்ஜினோடு ஒருமுறை முழு வண்டியையும் வெறும் தகடாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்தப் பணமும் நான்கு மாதமும் மிச்சமாகியிருக்கும். ஹெரால்டுக்கு இந்த ஒத்திகைச் சேர்ப்பைத் தவிர்க்கவே கூடாது. பெயிண்டிங்கை வீட்டில் செய்யாததற்கும் காரணம் உண்டு. இன்றைய பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுத்துவிடும்.

இன்ஜினும் முன்சக்கரமும்

இன்ஜின் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இது எளிமையான இன்ஜின். 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்கு மூன்று பேரிங். கோயம்புத்தூரில் நல்ல மெஷின் ஷாப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு விஷயத்தை மட்டும் விடக் கூடாது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை பின் பேரிங்கில் இருக்கும் இரண்டு பிறை வடிவத் துண்டுகள். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றின் மேல் பாரம் விழும். தேய்ந்து உள்ளே விழுந்துவிட்டால் கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அரைக்கும். 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை நகர்ந்தால் சரி. எங்களுடையது 0.35. பிரிக்காமலே சோதிக்கலாம்: ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை போல் இருந்தது. அதனால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய வால்வு சீட் போட்டோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய் அதில் இளகிப்போகும், மாதக்கணக்கில் நின்றால் ஈரம் இழுத்து டேங்க் துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் கார்புரேட்டர் கிட்டும் போட்டேன். ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக வைக்கிறேன்.

முன்சக்கர விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருக்கும், பெயர் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். அங்கே எண்ணெய் செலுத்தும் முனையான நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைப்பது எல்லோருக்கும் பழக்கம். கிரீஸ் கட்டிப்போய் மரைக்குள் இறங்காது. தண்ணீர் மட்டும் இறங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியின் இடதுபக்கத் தண்டில் மரைக்கு மேலே பாதி சுற்றளவுக்குத் துருக்கோடு ஓடியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். ட்ரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர் காரும் இதே குடும்பம் என்பதால் பிரிட்டனில் உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. இடதும் வலதும் எதிரெதிர் மரை, ஆர்டர் போடும்போது கவனம்.

எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை

மாருதி இன்ஜின் வைத்துக்கொள், ஏ.சி. போட்டுக்கொள் என்று சொன்னவர்கள் நிறைய. பெரியப்பா ஓட்டிய வண்டியின் சத்தம் போய்விட்டால் எனக்கு அது வேறு வண்டி. அதோடு சட்டமும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த சொந்த வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதிய முடியும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரிப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு எடுத்துப் போக என்றுதான் அனுமதி. இந்த வழியில் போவதாக இருந்தால் முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பாடியை வெட்டிய பிறகு திரும்ப முடியாது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஒரு மாற்றத்தை ஒரு சாயங்காலத்தில் கழற்றிப் பழையபடி ஆக்க முடியும் என்றால் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், வெளியே தெரியாது. ஹெட்லைட்டின் மின்சாரத்தைத் தாங்க ரிலே என்ற தனி சுவிட்ச் வைத்ததில் பழைய சுவிட்ச் சூடாவது நின்றது, வெளிச்சமும் கூடியது. முன் சீட்டுக்குப் பெல்ட். டயர் 145/80 ஆர்13 ரேடியல், எளிதாகக் கிடைக்கிறது. பிரேக் நாலும் டிரம்மாகவே இருக்கிறது. வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. நிறத்தைப் பின்சீட்டுப் பலகைக்குப் பின்னால் வெயில் படாத ஒரு கையளவு இடத்திலிருந்து எடுத்தோம், லேசான நீலம் கலந்த சாம்பல். ஆர்.சி. புத்தகத்திலும் கிரே என்றே இருந்தது.

சீட்டுத் துணியில் மட்டும் மனம்போல் செய்தேன். பழைய ரெக்சின் கோவை வெயிலில் தொடையைச் சுடும். கனமான கைத்தறிப் பருத்தியில் உறை தைத்துப் போட்டேன், அடியில் பழைய ரெக்சின் பத்திரமாக இருக்கிறது.

மொத்தச் செலவு 5 லட்சத்து 40 ஆயிரம். பெயிண்டும் தகடும் பெரும்பங்கு, அடுத்து இன்ஜின், அப்புறம் பிரிட்டனிலிருந்து வந்த பாகங்கள். 2023 நவம்பரில் முதல்முறை கேட்டுக்கு வெளியே எடுத்தேன். வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விடக் கூடாது. பின் ஆக்சில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊசலாடுவதால், பாரம் குறைந்ததும் பின்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அதைப் பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

டிசம்பரில் பெரியம்மா கோயம்புத்தூர் வந்திருந்தார்கள். கார் வந்து நின்றதும் நிறத்தைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து, கையை வெளியே எடுக்காமல் அப்படியே மெல்ல இழுத்து மூடினார்கள். பூட்டு விழுந்தது. “இது நம்ம கதவுதான்டா” என்றார்கள்.